கொம்பு

மூன்றாம் வகுப்பில் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டு
வாத்தியார் இறங்கச் சொல்ல மறந்துபோனார்.
நானே இறங்கி
திருப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

இருபத்தெட்டு வருஷம். கைமடி, ஓவர்லாக்,
இப்போது லேபிள்.
எஸ் என்றால் பாம்பு. எம் என்றால் இரட்டைக் கூரை.
எல் என்றால் மடக்கிய முழங்கை.
படித்தவன் மாதிரியே ஓட்டிவிட்டேன்,
சித்திரையில் ஒரு லாட்டு, ஆயிரத்து இருநூறு உருப்படி,
துவைக்கிற முறையைத் தலைகீழாய்த் தைத்து
கப்பலேறும் முன் திரும்பி வரும்வரை.

செக்கிங் நாகமணி திட்டவில்லை.
‘ஏனுங்க திருமூர்த்தி, கண்ணைக் காட்டுங்களேன்’ என்றாள்.
கண் நன்றாக இருக்கிறதாம்.
டாக்டர் வேறொரு முகவரி எழுதிக் கொடுத்தார்.
அதையும் நாகமணிதான் படித்தாள்.

காங்கேயம் ரோட்டில் மருந்துக்கடை மாடி.
குழந்தைகளுக்குப் போட்ட மேசை. முழங்கால் உள்ளே போகாமல்
பக்கவாட்டில் உட்கார்ந்தேன்.
ஷமீமாவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயசு கம்மி.
எதுவரை படித்தீர்கள் என்று கேட்கவில்லை;
பேரைச் சொல்லிக் கை தட்டச் சொன்னாள்.
தி. ரு. மூர்த். தி.
நாலு தட்டு.
‘திருப்பூருக்கு?’
மூன்று.
ஊரைவிட நான் ஒரு தட்டு நீளம்.

தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னாள்.
பிள்ளைகள் விளையாட்டு, வேண்டாம் என்றேன்.
மறுவாரம் நானே கொண்டுபோனேன்
ஒரு பை கட்டிங் வேஸ்ட்.
அவள் சாக்கில் வரைய, நான் வெட்டினேன்:
ந, ரிப் துணியில்.
த, பிளீஸ் துணியில்.
கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி.
விரலுக்கு வேற்றாள்.
கண்ணை மூடித் தடவி, தடவிக்கொண்டே வாய்விட்டுச் சொல்லி,
பிறகு காற்றில், தோளிலிருந்து, கதவளவு பெரிதாய்.
வாரத்துக்கு இரண்டு எழுத்து. மூன்றாவது கேட்டால் தரமாட்டாள்.
போன வாரத்ததை முதலில் கேட்பாள்,
அதற்கு முந்தினதையும்,
வட்டிக்காரி மாதிரி.

அட்டையில் ஒரு ஜன்னல் வெட்டித் தந்தாள்.
அதற்குள் ஒரு வரிதான் தெரியும்.
மற்ற வரிகள் வந்து முட்டாது.

கொம்பில்தான் மாட்டிக்கொண்டேன்.
வாய் ‘க்’ சொல்லி அப்புறம்தான் ‘எ’ சொல்கிறது;
எழுத்தில் அந்த ‘எ’ முந்திக்கொண்டு நிற்கிறது.
‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால்,
நடுவில் க,
இரண்டு போலீஸுக்கு நடுவே போகிறவன் போல.
இதென்ன நியாயமுங்க என்றேன்.
‘காங்கேயம் காளை எதிர்ல வந்தா
மொதல்ல எதைங்ணா பாப்பீங்க?’
கொம்பை.
‘சத்தம் போடறப்ப?’
மாடு, மாடுன்னு.
‘அவ்வளவுதானுங்ணா.’

ஐப்பசியில் ஒருநாள் எல்லாம் போய்விட்டது.
ந, த ஆனது. ஜன்னலுக்குள்ளும் எறும்பு ஊர்ந்தது.
துணியை வாரிப் பையில் திணித்து எழுந்தேன்.
‘இது காய்ச்சலில்லைங்ணா, விட்டுப்போக’ என்றாள்.
அப்புறம், ‘தூங்குனீங்களா?’
ஒன்றரை ஷிப்டு என்றேன்.
‘அதான்’ என்று
மேசையைத் துடைத்தாள்.

நேற்று ராத்திரி பஸ் ஸ்டாண்டு.
என் பஸ்ஸை எப்போதும் பச்சைப் பெயிண்டை வைத்துப் பிடிப்பேன்.
யாரோ நீலம் அடித்துவிட்டார்கள்.
அட்டையை எடுத்து, ஒரு கண்ணை மூடி,
அத்தனை சனத்துக்கு நடுவில் நீட்டினேன்.
கொம்பு. க. கால்.
கொ.
டு.
இரண்டு பேர் இடித்துக்கொண்டு ஏறினார்கள்.
வா.
ய்.
கொடுவாய்!
சொல்லி முடிக்கும்போது கொடுவாய் பஸ்
வளைவில் திரும்பிவிட்டது.

அடுத்தது ஒன்பது நாற்பதுக்கு.
ஒரு டீ சொல்லிவிட்டு
எனக்குப் போகவேண்டாத ஊர்களையெல்லாம்
ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டிருந்தேன்.